மருந்துக்கு மசியாத குடற்கிருமிகள்

வயிற்றுப்போக்குக் கண்டவுடன் மருந்துக் கடைக்குச் சென்று, "வயிறு நிற்க இரண்டு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி விழுங்குவது சின்னாளப்பட்டிச் சுற்றுப்புறத்து ஊர்களில் நாம் அன்றாடம் காணும் வழக்கம். குணம் தெரிந்ததும் எஞ்சிய மாத்திரை மாடத்திற்குப் போகும். அடுத்த மாதம் வீட்டில் வேறொருவர் அதனை எடுத்து உண்பார். இஃது அவரவர் உடம்பைப் பொறுத்த செய்தி என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையிலோ, ஊர்ப் பொதுக் கிணற்றைப் போல இதுவும் அனைவருக்கும் பொதுவானது. ஆதலின்தான் மருத்துவர் எழுத வேண்டிய பொருளை வளர்ச்சித் துறையினராகிய நாம் எழுதப் புகுந்தோம்.

மனிதர் குடலிலும் கால்நடைகளின் குடலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆண்டிபயாட்டிக் மருந்தை உட்கொண்டால் நோய்க்கிருமியோடு இவையும் மடிகின்றன. மருந்தைத் தாங்கும் இயல்புள்ள சில மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளித்த வயலில் அதற்கு மடியாத களையே தழைத்து நிற்பதை விவசாயிகள் அறிவார்கள். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. களை தன் வித்தின் வழியாகவே பெரும்பாலும் பரவும். குடற்கிருமியோ தன் எதிர்ப்புத் திறனை அண்டையிலுள்ள வேறினக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். 1950களில் ஜப்பானில் பல மருந்துகளுக்கு ஒருங்கே மசியாத சீதபேதி பரவியபோது அந்நாட்டு ஆய்வாளர்கள் இவ்வுண்மையைக் கண்டனர். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கும் சீதபேதிக் கிருமிக்கும் இடையே எதிர்ப்புத் திறன் கைமாறியதை 1959இல் அவர்கள் மெய்ப்பித்தனர்.

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1992இல் சென்னையில் ஓ139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி தோன்றி, விரைவில் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் பரவிற்று. சென்னையில் பிரித்தெடுத்த அக்கிருமியை அமெரிக்காவில் ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. சல்ஃபா, ட்ரைமெத்தோப்ரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகளை எதிர்க்கும் பண்புகள் ஒரே கொத்தாகச் சேர்ந்து, கிருமிவிட்டுக் கிருமி தாவக்கூடியனவாய் இருந்தன. அதாவது, ஒரு மருந்தை வீணே உண்டாலும் மற்றைய மருந்துகளுக்கு மசியாத கிருமியும் கூடவே வளர்ந்துவிடும்.

பின்னர் வந்தது இன்னும் கொடியது. மற்ற மருந்துகள் பயனற்றபோது மருத்துவர் கையாளும் கார்பபெனம் வகை மருந்துகளையே சிதைத்துவிடும் என்.டி.எம்.-1 என்னும் நொதி, புதுதில்லியில் மருத்துவம் பெற்றுத் திரும்பிய ஒரு சுவீடன் நாட்டு நோயாளியிடம் 2008இல் கண்டறியப்பட்டது. 2010இல் வெளியான ஆய்வில், இதனையுடைய கிருமி மாதிரிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 காணப்பட்டன. மறு ஆண்டு வெளியான ஆய்வு நம்மைப் போன்றோர் ஊன்றிப் படிக்க வேண்டியது. தில்லியில் எடுத்த 50 குடிநீர் மாதிரிகளில் 2இலும், தெருக்களில் தேங்கிய கசிவுநீர் மாதிரிகள் 171இல் 51இலும் இந்த நொதிக்குரிய மரபணு இருந்தது. காலராக் கிருமியிலும் சீதபேதிக் கிருமியிலும்கூட அது புகுந்திருந்தது. நொதிக்குத் தில்லியின் பெயரை வைத்ததற்காக நாட்டில் எழுந்த சினம் பெரிது. தண்ணீரைப் பற்றி அத்துணைக் கவலை எழவில்லை என்பது எம் கருத்து.

கொட்டிலையும் பண்ணையையும் பற்றிச் சிறிது கூற வேண்டும். கொலிஸ்டின் என்னும் கடைசிக்கட்ட மருந்தைக் கோழி விரைவில் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்து வந்தனர். அதை எதிர்க்கும், கைமாறக்கூடிய மரபணு சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015இல் தெரியவந்தது. 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. மடிவீக்கத்திற்கு மருந்து செலுத்திய பசுவின் பாலை, கால்நடை மருத்துவர் கூறும் நாள்வரை விற்றலும் கூடாது. கன்றுக்கு ஊட்டலும் கூடாது. கோழி எருவைப் பச்சையாக வயலில் கொட்டாமல், குவித்து மக்கவைத்து இடுவது நன்று. மக்கும்போது எழும் சூட்டில் கிருமிகள் பெரிதும் குறையும்.

வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் முதலில் வேண்டுவது ஆண்டிபயாட்டிக் அன்று, ஓ.ஆர்.எஸ். கரைசலும், 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரையுமே. பெரும்பாலான வயிற்றுப்போக்கு இவற்றாலேயே தணியும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் நீடித்தாலோ, குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலோ தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கு எழுதிக் கொடுக்கும் மருந்தைச் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுப்பது அவசியம்.

எனினும் மாத்திரையைக் குறைத்தால் மட்டும் போதாது. நோயே வாராதிருந்தால் மருந்துக்கு வேலையில்லை. நோய் வரும் வழியோ தண்ணீர். சாக்கடையினூடே செல்லும் குடிநீர்க் குழாயில் ஓர் இணைப்புத் தளர்ந்திருந்தால், தண்ணீர் விடாத வேளையில் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். கடைக்கோடித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்ததாகப் பதிவேட்டில் எழுதுவது எளிது. கடைசிக் குழாயில் சோதிப்பதே மெய்யான கணக்கு. ஆகவே ஊராட்சி மன்றத்தார் தங்கள் ஊரில் குடிநீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடங்களைத் தெருவாரியாக நடந்து பார்த்துக் குறித்து, அப்பட்டியலைக் கிராம சபையில் வைப்பார்களாக. அதன்மீது தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அலுவலகத்திற்கு அனுப்பினால், ஒன்றியப் பொறியாளர் நேரில் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்க வழி ஏற்படும்.