அகத்திய மீனின் அண்டையிலே

தை மாதக் கடைசியில், இரவு ஒன்பது மணி அளவில், நம் அகளியில் மலை மறைக்காத ஓரிடத்தில் நின்று தென்திசையை நோக்கினால் அகத்திய மீன் ஒளிர்வதைக் காணலாம். அதே கரீனா மண்டலத்தில், இன்னும் தாழ்வாக, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத முதிய விண்மீன் ஒன்று உண்டு. வானநூலார் அதனை ஐ.டபிள்யூ. கரீனே என்பர்.

காவலூரில் வானாய்வு நிலையம் நடத்திவரும் பெங்களூர் இந்திய வான்பௌதிகக் கழகத்தைச் சேர்ந்த சுனேத்ரா கிரிதரும் காமேசுவர ராவும், டெக்சாசின் டேவிட் லாம்பெர்ட்டும் 1994இல் இம்மீனின் ஒளியைப் பகுத்து ஒரு விந்தையை வெளியிட்டனர். அதன் மேற்பரப்பில் இரும்பு மிகக் குறைவு. கந்தகமும் துத்தநாகமுமோ ஏறக்குறைய வழக்கமான அளவில் இருந்தன. காப்பித் தூள் வடிகட்டியில் தங்கிவிட, டிகாக்ஷன் மட்டும் கீழே இறங்குகிறதன்றோ? அவ்வாறே இரும்பு தூசியாக உறைந்து வெளியே தங்கிவிட, எஞ்சிய வாயு மட்டும் மீனிடம் திரும்பியிருத்தல் வேண்டும். எனின், தூசியைப் பிடித்து வைத்திருக்கும் வடிகட்டி எங்கே?

முதிய மீன்கள் தம் புறப்போர்வையை உதறி வெளியே வீசிவிடும் என்பதே பொதுவிதி. துணைமீன் ஒன்று உடனிருப்பின், வீசிய வாயுவில் ஒரு பகுதி தட்டுப்போல் சுற்றத் தொடங்கும். இதற்குக் கண்கூடான சான்று, ஒற்றைக்கொம்பன் மண்டலத்திலுள்ள ‘சிவப்பு நீள்சதுரம்’ என்னும் ஒண்முகிலில் முதலில் கிடைத்தது. கரீனா மீனின் தட்டினை, சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைவனத்தில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கியைக்கொண்டு ஸ்பானிய அறிஞர் புஜாராபாலும் அவர் குழுவினரும் கண்டு 2017இல் அறிவித்தனர்.

கண்டது கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் கதிர்வீச்சு. அலைநீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம்மை நோக்கி வரும் வாயுவின் அலை குறுகும். விலகிச் செல்வதன் அலை நீளும். ஆனால் இவ்வளவு மட்டும் போதாது. விரிந்து ஓடும் வாயுவும் இதே மாற்றத்தைத் தருமே! ஆகவே கணக்கறிஞர் ஒரு கற்பனைத் தட்டை அமைக்கின்றனர். மையத்திலிருந்து இன்ன தொலைவில் இன்ன அடர்த்தி, இன்ன வெப்பம், இன்ன வேகம் எனக் கொண்டு, அத்தட்டு தொலைநோக்கியில் எவ்வாறு தோன்றும் என்று கணித்து, மெய்ப்படத்தோடு ஒப்பிடுவர். பொருந்தாவிடில் மாற்றி அமைப்பர். கெப்ளர் விதிப்படி தொலைவு நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும். நம் கோள்கள் கதிரவனைச் சுற்றும் முறையும் இதுவே. அவ்விதி பொருந்தியபோது சுழற்சி உறுதியாயிற்று; நடுவிலுள்ள மீன்களின் நிறையும் அதிலிருந்தே கிட்டிற்று.

இம்முறையில் ஏமாறவும் இடமுண்டு. மிகுந்த குளிர்வாயுவும் குறைந்த வெப்பவாயுவும் ஒரே அளவு ஒளியைத் தரக்கூடும். அதனாலன்றோ ஒரே வாயுவின் வெவ்வேறு அலைகளையும், கனமான கார்பனைக் கொண்ட மூலக்கூறுகளையும் அளந்து சரிபார்க்கின்றனர். ஒரு படம் பொருந்தியவுடன் மகிழ்ந்துவிடுவோர் நல்ல கணக்கர் ஆகார்.

தட்டிலிருந்து வாயு மெல்லக் கசிந்து வெளியேறுவதும் இப்படங்களில் தெரிகிறது. அக்கசிவைக் கொண்டு கணக்கிட்டால், சிவப்பு நீள்சதுரத்தின் தட்டுக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயுள். அதற்குள் அத்தூசி திரண்டு புதுக்கோள்கள் பிறக்குமா என்பதே இப்போது அறிஞரிடையே நடக்கும் வழக்கு.