மாமா காருக்கு மருமகனே மெக்கானிக்! தாணேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்

தாணே கோட்பந்தர் சாலையில் காய்முக் ஏற்றம் இருக்கிறதே, அங்கே ஓரங்கட்டி நிற்கும் லாரிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வெள்ளை பிரீமியர் பத்மினி கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது பெரிய விஷயமாகப் பட்டிருக்காது. காருக்குள் இருந்த நெல்லைச் சீமைக் குடும்பத்துக்கோ அது பெரிய விஷயம். வசாயில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். ஸ்டீரிங்கில் 71 வயது மாமா. பின்சீட்டில் அத்தை. அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தாணே ரயில் நிலையப் படி ஏறி இறங்க அவரால் முடியாது. ஆட்டோவில் காலை மடக்கி உட்காரவும் முடியாது. கதவை அகலத் திறந்து, நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துகொள்ள இந்தக் கார் ஒன்றுதான் அவருக்கு வசதி.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தவர் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஹெட் போச்சு. எஞ்சினை இறக்கணும். 40 ஆயிரம் ஆகும்."

பெங்களூரில் இருக்கும் மகன் டெலிபோனில் சொன்னது அதைவிடச் சுருக்கம்: "பங்கார்வாலாவைக் கூப்பிட்டுத் தூக்கிப் போடுங்கப்பா."

மாமா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள், முலுண்டில் ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருக்கும் தன் அக்காள் மகனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பையன்

மாமா வாக்ளே எஸ்டேட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வண்டியில் அடுத்தவனைக் கைவைக்க விட்டதில்லை. அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் குந்தியிருந்து "பத்து பதினொண்ணு எடு, பன்னெண்டு பதிமூணு எடு" என்று கேட்டபோதெல்லாம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பையன்தான் இன்றைய மருமகன். அவருக்கு வயது முப்பத்தைந்து. பார்த்துப் பழகியதுதான் படிப்பு. ஐ.டி.ஐ. பக்கம் போனதில்லை.

"கையில நடுக்கம் வந்துட்டு மாப்ளே. நட்டை நான் காட்டுதேன், நீ திருப்பு" என்றார் மாமா.

மருமகன் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. சொந்தக்காரர் வண்டியில் கை வைப்பதன் சங்கடம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சரியானால் ஒரு காபி. கெட்டுப்போனால் ஆயுளுக்கும் பேச்சு! கூலி வாங்க முடியாது. பொறுப்பிலிருந்தும் நழுவ முடியாது. "எஞ்சினைப் பிரிக்க மாட்டேன் மாமா. பிரிக்காம என்னென்ன பார்க்கலாமோ அதை மட்டும் பார்க்கேன்" என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டார். நல்ல நிபந்தனை அது.

குர்லாவில் பிறந்த வண்டி

பத்மினியைப் பற்றி மும்பைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாராவியிலிருந்து செம்பூர் வரை அதில் டாக்சி ஓட்டிப் பிழைத்தவர்கள் நம்மவரில் எத்தனையோ பேர். வால்சந்த் ஹீராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் குர்லா தொழிற்சாலையில், இத்தாலியின் பியட் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வந்த வண்டி இது. 1960களில் பியட் 1100 டிலைட். 1970களில் பெயர் மாறி பிரீமியர் பத்மினி. பெயர் மாறியும் டாக்சிக்காரர்கள் வாயில் கடைசி வரை அது "பியட்" தான்.

இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு உற்பத்தி நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29ஆம் தேதி. டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்ற விதிப்படி, 2023 அக்டோபர் 30 முதல் காலி-பீலி பத்மினி தெருவில் இல்லை. அந்த டாக்சிகள் ஓடிய வரையில் முக்குக்கு முக்கு ஒரு பியட் மெக்கானிக், கடைக்குக் கடை உதிரிபாகம். டாக்சி போனது, மெக்கானிக்கும் போனார். மாமாவைப் போல் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

இருந்தாலும் இந்த எஞ்சினில் ஒரு சௌகரியம் உண்டு. நாலு சிலிண்டர், 1089 சி.சி., ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்டிரிபியூட்டர். கம்ப்யூட்டர் கிடையாது. பானெட்டைத் தூக்கினால் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

எண்ணெய் எப்படிக் கூடியது?

முதல் ஞாயிறு. சொசைட்டி காம்பவுண்டில் வேலை செய்யக் கூடாது என்று செக்ரட்டரி ஆட்சேபித்தார். கீழே அட்டை விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் தரையில் படாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று அத்தையே மராத்தியில் பேசிச் சம்மதிக்க வைத்தார். மாமாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. மருமகன் கையில் ஸ்பானர்.

முதல் வேலை, எஞ்சின் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பது. ஹெட் கேஸ்கெட் போய் தண்ணீர் எண்ணெயில் கலந்திருந்தால் எண்ணெய் பால் விட்ட காபி போல இருக்கும். அப்படி இல்லை. ஆனால் வேறொரு அதிசயம் இருந்தது. கம்பியில் எண்ணெய், மேல் கோட்டையும் தாண்டி நின்றது! பழைய எஞ்சினில் எண்ணெய் குறையும். கூடுமா?

மருமகன் கம்பியை முகர்ந்து பார்த்துவிட்டு மாமாவிடம் நீட்டினார். மாமா முகம் மாறிவிட்டது. "ஏலே, ஸ்டார்ட் பண்ணிராதே. பெட்ரோல்!"

பத்மினியில் பெட்ரோல் பம்பு எஞ்சினின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ரப்பர்த் துணியால் ஆன ஒரு டயாப்ரம் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். அது கிழிந்தால், கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோலில் ஒரு பகுதி உள்ளுக்குள் வழிந்து ஆயில் சம்ப்பில் இறங்கிவிடும். எண்ணெய் தண்ணீராக நீர்த்துப் போகும். அதில் வண்டியை ஓட்டினால் பேரிங் தேய்ந்து, நிஜமாகவே எஞ்சினை இறக்கும் நிலை வரும். பெட்ரோல் ஆவி சூட்டில் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. ஆவி அடித்த ரேடியேட்டரைப் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவே இல்லை.

டயாப்ரம் ஏன் போயிற்று? வண்டி 1997 மாடல். ரப்பருக்கு வயது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 2025லிருந்து நாடெங்கும் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள், வாஷர்கள், டயாப்ரம் எல்லாம் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி உப்பலாம், வெடிக்கலாம். ஈரத்தையும் எத்தனால் இழுக்கும் என்பதால், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு சேரும். பழைய கார், ஸ்கூட்டர் வைத்திருக்கும் வாசகர்கள் பெட்ரோல் குழாயை ஒரு முறை விரலால் அமுக்கிப் பார்ப்பது நல்லது. பிசுபிசுத்தாலும் வெடிப்பு தெரிந்தாலும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

குர்லா சி.எஸ்.டி. சாலையில் மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் பம்பு கிட் கிடைத்தது. பாட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, பீடி சிகரெட் யாரும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டு பம்பை மாற்றினார்கள். பழைய எண்ணெயை முழுக்க வடித்து, பில்டரும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றினார்கள். வடித்த எண்ணெய் கேனில் அடைபட்டுப் பழைய எண்ணெய் வாங்குகிறவரிடம் போனது. சாக்கடையில் ஊற்றுகிற பாவத்தைப் பலர் செய்கிறார்கள். அது நேரே தாணே கழிமுகத்தில்தான் போய்ச் சேரும்.

"படார்!"

இரண்டாம் ஞாயிறு பிளக்குகளின் முறை. பிளக்கின் நுனி காபித் தூள் நிறத்தில் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது சூடு அதிகம். நாலும் கரியாக இருந்தன. துடைத்து, இடைவெளி சரி செய்தார் மருமகன். டிஸ்டிரிபியூட்டர் பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பீலர் கேஜ் வைத்து அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டார்.

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. நாலு பிளக் வயர்களையும் ஒரே நேரத்தில் உருவியிருந்தார். திரும்ப மாட்டும்போது டிஸ்டிரிபியூட்டர் மூடியைச் சுற்றி 1, 2, 3, 4 என்று வரிசையாக மாட்டிவிட்டார். சாவியைத் திருப்பியதும், "படார்!" இரண்டாம் மாடி வரை பால்கனியில் தலைகள் தெரிந்தன. செக்ரட்டரி லுங்கியோடு இறங்கி ஓடி வந்தார்.

மாமா நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். காய்முக்கில் வண்டி நின்ற நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்கிறார் அத்தை. "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு! எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன்?" சிலிண்டர்கள் நிற்பது வேறு வரிசை, வெடிப்பது வேறு வரிசை. ஒரு வயரைக் கழற்றினால் அதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். அல்லது தொடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மருமகன் இப்போது இரண்டையும் செய்கிறார்.

உறிஞ்சிய குழாய்

கொதித்த காரணம் இன்னும் அகப்படவில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டார்கள். (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், இதில் வீரம் வேண்டாம்.) ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும். வரவில்லை. ஆக, ஹெட் போகவில்லை!

பிறகு? நின்ற இடத்தில் கால் மணி நேரம் ஓடியும் முள் ஏறவில்லை. மாமா சொன்னார்: "ஏத்தத்துல தானே கொதிச்சுது. ரேஸ் பண்ணிப் பாரு."

மருமகன் ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். ரேடியேட்டரின் அடியிலிருந்து தண்ணீர் பம்புக்குப் போகும் கீழ்க்குழாய், இளநீரை உறிஞ்சும்போது குழல் ஒட்டிக்கொள்ளுமே, அதுபோல நடுவில் தட்டையாக ஒட்டிக்கொண்டது! காலை எடுத்ததும் மறுபடி உப்பியது. ரப்பர் நைந்துபோய், பம்பு வேகமாக இழுக்கும்போது தாங்கவில்லை. வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் எஞ்சினுக்கு அதிகத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில்தான் வழி அடைபட்டுவிடும்.

குழாயோடு, பளபளத்து வழுக்கிக்கொண்டிருந்த ஃபேன் பெல்ட்டையும் மாற்றினார்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு செண்டிமீட்டர் இறங்க வேண்டும். அதுதான் பெல்ட்டின் பதம். ரேடியேட்டரை இறக்கிக் கழுவியபோது செம்மண் குழம்பாகக் கொட்டியது. சொசைட்டி போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய வினை. உப்புத் தண்ணீர் சூடானால் காரை படியும். காரை படிந்தால் சூடு வெளியே போகாது. 1853 ஏப்ரல் 16ஆம் தேதி போரிபந்தரிலிருந்து இதே தாணேக்கு நாட்டின் முதல் பயணி ரயிலை இழுத்து வந்த நீராவி எஞ்சின்கள் காலத்திலிருந்தே இந்தக் காரை எஞ்சின்காரர்களுக்குப் பகைதான். இனி கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் என்று அத்தை முன்னிலையில் மாமா ஒப்புக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் ஆன செலவு, எண்ணெயையும் சேர்த்து நாலாயிரத்துக்கு உள்ளே.

காய்முக்கில் மறுபடியும்

மூன்றாம் ஞாயிறு அதிகாலை, போக்குவரத்து நெரிசல் தொடங்குமுன் மூவரும் காய்முக் ஏறினார்கள். மாமாதான் ஓட்டினார். மருமகன் கண் முழுக்க முள்ளின் மேல். அது பாதியைத் தாண்டவில்லை. மேலே நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அத்தை பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

வண்டிக்கு 2027ல் மறுபடி பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பரிசோதனை காட்டிப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025ல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பெங்களூர் மகன் இதைச் சொல்லித்தான் இன்னமும் வாதாடுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "அப்போ பார்ப்போம்" என்கிறார் மாமா.

இறக்கத்தில் வரும்போது இடது பின்சக்கரத்தில் பிரேக் கீச்சிட்டது. மாமா மருமகனைப் பார்த்தார். மருமகன் தலையை ஆட்டிவிட்டார். "பிளக்கு, குழாயி, எண்ணெய் வரைக்கும்தான் மாமா நான். பிரேக்கு, ஸ்டீரிங்குல விளையாட மாட்டேன்." வாக்ளே எஸ்டேட் பக்கம் பழைய பியட் மெக்கானிக் ஒருவர் இன்னும் தொழிலில் இருப்பதாக விசாரித்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வண்டி அங்கே போகிறது.