தாரியஸின் கணக்குப்பிள்ளைகள்

நூறு ஆடுகளிலிருந்து தொடங்குவோம். கி.மு. 503 வாக்கில் பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ், இர்தஷ்துனா என்ற பெண்மணிக்கு நூறு ஆடு கொடுக்கச் சொல்கிறார். கிரேக்கர்கள் ஆர்டிஸ்டோன் என்று எழுதிவைத்தது இவரைத்தான். பேரரசை நிறுவிய சைரஸின் மகள், தாரியஸுக்கு மிகப் பிரியமான மனைவி. ஆடுகளும் அரசரின் சொந்தப் பண்ணையைச் சேர்ந்தவை. சிந்து நதிக்கரையிலிருந்து எகிப்து வரை அவர் வைத்ததுதான் சட்டம் என்றிருந்த காலம். ஆனாலும் ஆளை அனுப்பி மந்தையை ஓட்டிக்கொண்டு வந்துவிடவில்லை. உத்தரவு முதலில் பார்னக்கா என்ற தலைமை அதிகாரிக்குப் போகிறது. அவர், அரசர் தனக்குச் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்லி, மந்தைகளின் பொறுப்பாளருக்குக் களிமண்ணில் ஒரு கடிதம் எழுதச் செய்கிறார். அடியில் எழுதியவர் பெயர், செய்தியைச் சொல்லி அனுப்பியவர் பெயர், மாதம், ஆண்டு எல்லாம் இருக்கின்றன. பார்னக்காவின் முத்திரையும் உண்டு.

ராஜா வீட்டு ஆட்டை ராணிக்குக் கொடுக்க இத்தனை எழுத்து வேலையா என்று நமக்குத் தோன்றும். இத்தனை எழுத்து வேலை இருந்ததால்தான் அந்தப் பேரரசு இருநூறு ஆண்டு நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளமான கதை.

நாடு பிடித்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தென்மேற்கு ஈரானில் அன்ஷான் என்ற சிறு நாட்டின் அரசர் சைரஸ். கி.மு. 550இல் மீடியரை வீழ்த்தினார். சில ஆண்டுகளில் லிடியா விழுந்தது, 539இல் பாபிலோன் விழுந்தது. மகன் கேம்பைசஸ் 525இல் எகிப்தைச் சேர்த்தார். முப்பது ஆண்டுக்குள் உலகம் அதுவரை பார்த்திராத அளவுக்கு ஒரு பேரரசு. பிடிப்பதற்கு நல்ல படையும் அதிர்ஷ்டமும் போதும். பிடித்ததைக் கையில் வைத்திருப்பது வேறு வித்தை. 522இல் கேம்பைசஸ் எகிப்திலிருந்து திரும்பும் வழியில் இறந்ததும், கட்டியதெல்லாம் அவிழத் தொடங்கியது.

அப்போது வந்தவர்தான் தாரியஸ். அரச குலத்தின் கிளை வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர். நேர் வாரிசு அல்ல. அப்போது அரியணையில் இருந்தது கேம்பைசஸின் தம்பி பர்தியாவே அல்ல, அவராக நடித்த கௌமாதா என்ற பூசாரி, நிஜத் தம்பி முன்பே ரகசியமாகக் கொல்லப்பட்டுவிட்டார் என்பது தாரியஸ் சொன்ன கதை. ஆறு தோழர்களோடு போய் அந்த ‘போலி’யைக் கொன்றார். நிஜத் தம்பியையே கொன்றுவிட்டு இப்படி ஒரு கதை கட்டினாரோ என்று சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் பலர் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆள்மாறாட்டக் கதை அவருக்கு ரொம்பவும் வசதியாக அமைந்துவிட்டது.

நாடெங்கும் கலகம். ஒரே ஆண்டில் பத்தொன்பது போர் செய்து ஒன்பது அரசர்களைப் பிடித்ததாக அவரே சொல்கிறார். மேற்கு ஈரானில் பெஹிஸ்துன் மலையின் செங்குத்துப் பாறையில் அதைச் செதுக்கியும் வைத்தார். காலடியில் கௌமாதா, எதிரே கழுத்தில் கயிறு பூட்டிய கலகக்காரர்களின் வரிசை, சுற்றிலும் பழம்பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் என்று மூன்று மொழிகளில் ஆப்பெழுத்து. 1830களில் ஹென்றி ராலின்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி அதில் தொங்காத குறையாக ஏறிப் படியெடுத்ததும், ஆப்பெழுத்தைப் படிக்க அது வழி திறந்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது வேறொன்று. கீழே நின்று பார்ப்பவரால் அந்த எழுத்தைப் படிக்கவே முடியாது. அந்த உயரத்தில் அது சாமிக்குத்தான் தெரியும். மனிதர்களுக்காகத் தாரியஸ் வேறு ஏற்பாடு செய்தார்: வாசகத்தைப் பிரதியெடுத்து மாகாணங்களுக்கு அனுப்பினார். எகிப்தின் தென்கோடியில், நைல் நதித் தீவான எலிஃபென்டைனில், அரமேய மொழியில் அதன் பாப்பிரஸ் பிரதி கிடைத்திருக்கிறது. பாறையில் வெட்டியது பெருமை. பிரதியை அந்தத் தீவு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது நிர்வாகம்.

அந்த நிர்வாகத்தின் உட்புறத்தை நாம் பார்க்க முடிவது ஒரு தற்செயல். 1933இல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்பில் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட், தாரியஸ் கட்டிய அரண்மனை நகரான பெர்செபொலிஸில் அகழ்ந்துகொண்டிருந்தபோது, கோட்டைச் சுவரை ஒட்டிய சிறு அறைகளில் களிமண் வில்லைகள் கிடைத்தன. உடைசல்களையும் சேர்த்தால் பல்லாயிரம். கி.மு. 509 முதல் 493 வரையிலான கணக்கு. படிப்பதற்காகச் சிகாகோவுக்குக் கடனாகப் போயின. ரிச்சர்ட் ஹாலக் என்ற அறிஞர் பல பத்தாண்டுகள் அதோடு உட்கார்ந்து, 1969இல் 2,087 வில்லைகளின் வாசகத்தை வெளியிட்டார். பின்னால் இவற்றின் மீது ஒரு வழக்கே நடந்தது. 1997இல் ஜெருசலேம் குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டவர்கள், ஈரானிடமிருந்து வரவேண்டிய இழப்பீட்டுக்காக இந்த வில்லைகளை ஜப்தி செய்யக் கேட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் முடியாது என்றது. அடுத்த ஆண்டு 1,783 வில்லைகள் ஈரான் திரும்பின.

உள்ளங்கைக்குள் அடங்கும் வில்லை. முடிச்சுப் போட்ட கயிற்றைச் சுற்றிக் களிமண்ணைப் பிசைந்து செய்திருக்கிறார்கள். கயிற்றின் முனைகள் ஓரத்தில் வெளியே வந்த துளை இன்றும் தெரிகிறது. பயணி ஒருவர் வழியிலுள்ள கிடங்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசரோ மாகாண ஆளுநரான சத்ரப்போ முத்திரையிட்ட அனுமதிச் சீட்டு அவர் கையில் இருக்கும். கிடங்குக்காரர் மாவு கொடுப்பார், பீரோ ஒயினோ கொடுப்பார். எவ்வளவு, யாருக்கு, யாருடைய சீட்டின் பேரில், எங்கிருந்து எங்கே போகிறார் என்று ஈரக் களிமண்ணில் பதிவாகும். கொடுத்தவர் முத்திரை ஒரு பக்கம், வாங்கியவர் முத்திரை ஒரு பக்கம். வில்லைகள் பெர்செபொலிஸுக்கு வந்து சேரும். அங்கே எழுத்தர்கள் ஆண்டுக் கணக்கில் அவற்றைச் சேர்த்து எழுதுவார்கள். இந்தியப் பகுதியிலிருந்து இன்னொரு தலைநகரான சூசாவுக்குப் போய் வந்தவர்கள்கூட இப்படி மாவு வாங்கிய கணக்கில் அகப்பட்டிருக்கிறார்கள்.

மேற்கே லிடியாவின் சார்டிஸிலிருந்து சூசா வரை அரச நெடுஞ்சாலை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். வழியில் 111 தங்குமிடங்கள், நடந்தால் தொண்ணூறு நாள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். குதிரை மாற்றி மாற்றி ஓடிய தபால்காரர்களைப் பற்றி அவர் வியந்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். குதிரைக்குத் தீனியும் ஆளுக்குச் சோறும் ஒவ்வொரு இடத்திலும் தயாராக இருந்தால்தானே அந்த ஓட்டம்?

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தின் சத்ரப்பாக இருந்த அர்ஷாமா, தன் காரியஸ்தர் ஒருவரை எகிப்துக்கு அனுப்பும்போது கொடுத்த கடிதம் தோலில் எழுதப்பட்டு அப்படியே கிடைத்திருக்கிறது. வழியிலுள்ள தன் பண்ணைகளின் பொறுப்பாளர்களுக்கு எழுதியது. காரியஸ்தருக்கு நாளுக்கு இத்தனை படி மாவு, ஒயின் அல்லது பீர், ஓர் ஆடு, உடன் வரும் வேலைக்காரர்களுக்கு இவ்வளவு, குதிரைக்குத் தீவனம். அதோடு ஒரு நிபந்தனை: ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினால், கூடுதல் நாளுக்குப் படி கிடையாது. அரசு வேலையில் பயணப்படி பில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த வரியை விளக்கவே வேண்டாம்.

பெர்செபொலிஸ் கணக்கில் பெரும்பகுதி வேலையாட்களின் தானியப் படி. எகிப்தியர், பாபிலோனியர், பாக்ட்ரியர், அயோனியக் கிரேக்கர் என்று பல நாட்டவர். விரும்பி வந்தவர்களா, பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாக்குவாதம். பெண்கள் ஏராளம். ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிய பெண்ணுக்குச் சாதாரண ஆண் தொழிலாளியைவிட அதிகப் படி கிடைத்திருக்கிறது. இறைச்சியும் ஒயினும் தனி. பிள்ளை பெற்றவளுக்குக் கூடுதலாக ஒயினோ பீரோ உண்டு. ஆண் பிள்ளை என்றால் முழு அளவு, பெண் என்றால் பாதி. கணக்குப்பிள்ளை தன் காலத்து மனசையும் கூடவே எழுதிவைத்துவிட்டான்.

ஆண்டவர்கள் பாரசீகர்கள். உள்ளூர்க் கணக்கோ எலாமிய மொழியில். தொலைதூரக் கடிதம் அரமேயத்தில். தன் மொழியில்தான் எழுதவேண்டும் என்று தாரியஸ் அடம்பிடிக்கவில்லை. எழுதத் தெரிந்தவன் எந்த மொழியில் எழுதுவானோ அந்த மொழியிலேயே எழுதட்டும் என்று விட்டார். அந்த வில்லைகளுக்குள் ஒன்றே ஒன்று கிரேக்கத்தில் இருக்கிறது. ஒயின் இரண்டு அளவு, இன்ன மாதம், அவ்வளவுதான் செய்தி. எழுத்து கிரேக்கம், அளவு பாரசீக நிர்வாகத்தின் அளவு, மாதப் பெயர் பாபிலோனியம்.

மேற்கே தாரியஸ் பொற்காசு அடித்தார். மாகாணம்தோறும் திறையை நிர்ணயித்தார். பாபிலோனியப் பகுதி ஆயிரம் டாலந்து வெள்ளி, இந்தியப் பகுதி 360 டாலந்து பொன்துகள் என்று ஹெரோடோட்டஸ் பட்டியலே போடுகிறார். அந்த இடத்தில்தான் ஒரு வம்பையும் சேர்க்கிறார்: பாரசீகர்கள் சைரஸைத் தகப்பன் என்றும், கேம்பைசஸை எசமான் என்றும், தாரியஸைக் கடைக்காரன் என்றும் சொல்வார்களாம். நக்கலாகத்தான் சொன்னார்கள். என்னைக் கேட்டால் மூவரில் உருப்படியான பட்டம் கடைசி ஆளுக்குத்தான் கிடைத்தது.

கிரீஸில் அவரும் மகன் செர்க்சஸும் பட்ட தோல்விகளைப் பற்றி நூல் நூலாக இருக்கிறது. அதற்குப் பிறகும் நூற்றைம்பது ஆண்டு பேரரசு ஓடியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடைசியில் அலெக்சாந்தர் வந்தார். கி.மு. 331இல் காகமேலாவில் மூன்றாம் தாரியஸைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு பெர்செபொலிஸ் எரிந்தது. ஆனால் பாபிலோனில் சத்ரப்பாக அவர் நியமித்தது மசாயஸை. காகமேலாவில் அவருக்கு எதிராகப் படை நடத்திய அதே பாரசீகத் தளபதி. வேலை தெரிந்த ஆளை யாரும் விடுவதில்லை.

சாலையோரக் கிடங்குகளும் அப்படியே தொடர்ந்தன. அலெக்சாந்தரின் நிதி அதிகாரிகளில் ஆன்டிமெனிஸ் என்றொருவர், அவற்றை நாட்டு வழக்கப்படியே நிரப்பி வைக்கச் சொல்லி சத்ரப்புகளுக்கு உத்தரவு போட்டதாக அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஒரு பொருளியல் நூல் சொல்கிறது. அரசர் உடன் வராத படை ஏதாவது அந்த வழியே போனால், தன் ஆளை அனுப்பி அந்தச் சரக்கையே அவர்களுக்குக் காசுக்கு விற்றுவிடுவாராம்.