நான் அப்பவே சொன்னேனே!

"நான் அப்பவே சொன்னேனே!" என்பவரிடம் சான்று கேட்டால் விழிப்பார். 1676இல் ராபர்ட் ஹூக் தம் சுருள்வில் விதியின் எழுத்துகளைக் கலைத்து அச்சிட்டார். 1678இல் விடையை அவிழ்த்தார். முந்தியவர் தாமே என்பதற்கு அதுவே சாட்சி.

இன்று அந்த வேலையைக் கணினியின் 'ஹேஷ்' செய்கிறது. கணிப்பை எஸ்.ஹெச்.ஏ-256இல் இட்டால் எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள் வரும். அதை மட்டும் ஊரறியச் சொல்லிவைக்கலாம். பிறகு கணிப்பை வெளியிட்டால் யாரும் மறுபடி இட்டுப் பார்க்கலாம். ஓரெழுத்து மாறினாலும் குறிகள் ஒத்துவராது.

கணிப்பு சின்னதானால் எல்லா விடையும் போட்டுப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க. கூடவே நீண்ட ரகசியச் சொல்லும் சேர்க்கணும். பூட்டும் உறுதியா இருக்கணும். 2007இல் மார்க் ஸ்டீவன்ஸ் குழுவினர், 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு வெவ்வேறு பெயர் சொல்லும் 12 கோப்புகளுக்கு ஒரே எம்.டி.5 ஹேஷ் வரவைத்தார்கள். யார் ஜெயித்தாலும், "நான் அப்பவே சொன்னேனே!"