குன்றிய தைராய்டும் குடும்ப நலமும்

நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்து அமர்ந்தாற்போல ஒரு சுரப்பி உண்டு. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். ஆயினும் உடலின் வெப்பம், இதயத்தின் துடிப்பு, குடலின் அசைவு, மூளையின் சுறுசுறுப்பு ஆகிய அனைத்தின் வேகத்தையும் அதுவே நிர்ணயிக்கிறது. இந்தத் தைராய்டுச் சுரப்பி தன் வேலையில் தளர்ந்துவிடுவதையே ‘குறை தைராய்டு’ என்கிறோம்.

2013-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, சென்னை உள்ளிட்ட 8 இந்திய நகரங்களில் வயதுவந்தோரைப் பரிசோதித்து, அவர்களில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்கு இக்குறை இருப்பதைக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதுவரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். அறியாமல் இருந்ததில் வியப்பில்லை. ஓயாத களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், சிறிது எடை கூடுதல், மாதவிலக்கில் மிகுதியான போக்கு, மறதி என இவை ஒவ்வொன்றும் தனியே வந்தால் யார் பொருட்படுத்துவார்? முதியவரிடம் கண்டால் வயதின் தளர்ச்சி என்கிறோம். மருமகளிடம் கண்டால் சோம்பேறித்தனம் என்கிறோம். இந்த இரண்டாவது தீர்ப்பு எத்தனை வீடுகளில் அநியாயமாக வழங்கப்பட்டிருக்கிறதோ!

ஐயத்தைத் தீர்ப்பது இரத்தப் பரிசோதனை. அதன் அறிக்கையில் முதலில் நோக்கவேண்டியது டி.எஸ்.எச். என்னும் எண். இது தைராய்டில் சுரப்பதன்று. மூளையின் அடிப்புறத்திலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் சுரப்பது. உழவனையும் எருதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எருது நன்றாக நடந்தால் உழவன் மெல்லத்தான் குரல் கொடுப்பான்; எருது சோர்ந்தால் அவன் குரல் உயரும். தைராய்டு எருது, டி.எஸ்.எச். உழவனின் குரல். ஆகவே இந்த எண் உயர்ந்திருந்தால் தைராய்டு மிகுதியாக வேலை செய்கிறது என்று பலர் கருதுவது நேர்மாறான பொருள். எண் உயர உயர, சுரப்பி தளர்ந்திருக்கிறது என்பதே உண்மை.

பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் டி.எஸ்.எச்.சின் இயல்பான அளவை ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை என்று குறிக்கின்றன. கூடத்துக்குக் கூடம் சிறிது வேறுபடும் என்பதால், அந்தந்த அறிக்கையிலேயே அச்சிட்டுள்ள எல்லையோடு ஒப்பிடவேண்டும். அடுத்துக் காணவேண்டியது ‘ஃப்ரீ டி4’. இது தைராய்டு உண்மையில் சுரந்து இரத்தத்தில் விட்டுள்ள ஹார்மோனின் அளவு. டி.எஸ்.எச். உயர்ந்தும் டி4 தாழ்ந்தும் இருந்தால் குறை தைராய்டு உறுதி, மருந்து தேவை. அரிதாக இரண்டுமே தாழ்ந்திருக்கும். அப்போது கோளாறு எருதிடம் இல்லை, உழவனிடம், பிட்யூட்டரியை ஆராயவேண்டும்.

குழப்பம் விளைவிப்பது இடைப்பட்ட நிலையே. ஒரு தாயின் அறிக்கையில் டி.எஸ்.எச். 7.2 என்றும், டி4 இயல்பான எல்லைக்குள் 1.1 என்றும் இருப்பதாகக் கொள்வோம். இவருக்கு உடனே ஆயுட்கால மாத்திரை தேவையா? பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கவேண்டும். பலருக்கு இந்த எண் தானே இறங்கிவிடும். கடும் நோயிலிருந்து எழுந்தவருக்குச் சில வாரங்கள் இது உயர்ந்து காணலாம். 70 வயதைக் கடந்தோர்க்குச் சற்று உயர்ந்திருப்பதே இயல்பு. டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினாலும், தெளிவான அறிகுறிகள் இருந்தாலும், அப்பெண் கருவுற்றிருந்தாலும் அல்லது கருவுற விரும்பினாலும் மருத்துவரின் முடிவு வேறாக இருக்கக்கூடும். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் உண்டா என்றும் அவர் பார்ப்பார். உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென்று கருதித் தாக்கும் இந்நோயை ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர் 1912-இல் விவரித்தார். முடி வளர்வதற்கென்று பயோட்டின் மாத்திரை உண்பவர்கள் அதைப் பரிசோதனைக்கு இரண்டு நாட்கள் முன்னரே நிறுத்துவது நலம். அது எண்களைப் பொய்யாக்கிவிடும்.

இந்நோய்க்கு மருந்தின்றி மக்கள் மாண்ட காலமும் இருந்தது. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசிவழி செலுத்தினார். அப்பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று, அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்த ஹார்மோனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். அதே பொருளே இன்று லெவோதைராக்சின் என்னும் மாத்திரையாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. இது உடலுக்கு அந்நியமானதன்று. உடலில் குறைந்ததை ஈடு செய்வது, அவ்வளவே.

மாத்திரையை உண்ணும் முறையில்தான் நம்மவர் பலர் தவறுகின்றனர். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்கவேண்டும். காப்பி, தேநீர், சிற்றுண்டி எதுவாயினும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே. காப்பியோடு சேர்த்து விழுங்கினால் மருந்தின் ஒரு பகுதி இரத்தத்தில் சேராமலே வீணாகும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஞாயிறு அதிகாலைத் திருப்பலிக்குச் செல்வோர் நற்கருணை நோன்பு முறியுமோ என்று அஞ்சி அன்று மாத்திரையை விடுவதுண்டு. அவ்வச்சம் தேவையில்லை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தண்ணீரையும் மருந்தையும் அந்நோன்பிலிருந்து விலக்கியே வைத்துள்ளது.

மருந்தைத் தொடங்கியபின் அல்லது அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரங்கள் கழித்தே மறுபரிசோதனை பயன்தரும். அதற்குமுன் உடல் புதிய அளவில் நிலைபெற்றிராது. பரிசோதனை நாளில் இரத்தம் கொடுத்தபின் மாத்திரையை உண்ணலாம். எண் இயல்புக்கு வந்ததும் ‘நோய் போயிற்று’ என்று மாத்திரையை நிறுத்துவோர் ஏராளம். எண் இயல்பானது மாத்திரையால் அன்றோ? நிறுத்தினால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் பழைய நிலை திரும்பும். மெலியவேண்டும் என்று தாமாகவே அளவைக் கூட்டுவது இன்னும் கேடு; இதயத் துடிப்பு சீர்கெடும், எலும்பு தேயும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். திருமணப் பேச்சு நடக்கும்போது மகளுக்குத் தைராய்டுக் குறை இருப்பதைப் பெற்றோர் மறைக்கின்றனர். மணமான பெண் புகுந்த வீட்டில் மாத்திரைப் புட்டியைப் பெட்டியின் அடியில் ஒளித்துவைக்கிறாள். கண்டுவிடுவார்களோ என்று சில நாட்கள் உண்கிறாள், பல நாட்கள் விட்டுவிடுகிறாள். அந்நிலையில் கருவுறுகிறாள். கருவிலுள்ள குழந்தைக்கு முதல் மூன்று மாதங்களில் சொந்தத் தைராய்டு வேலை தொடங்குவதில்லை. அதன் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை உண்ணும் பெண்ணுக்கும் கருவுற்றவுடன் 25 முதல் 30 விழுக்காடு அளவைக் கூட்டவேண்டியிருக்கும். ஆதலின் மாதவிலக்கு தள்ளிப்போனதும் மருத்துவரை நாடவேண்டும். பாதிக் காலம் வரை ஏறத்தாழ 4 வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்கவேண்டும். தினம் ஒரு மாத்திரையால் முற்றிலும் சரிசெய்யக்கூடிய குறையை, சம்பந்தம் முறியும் காரணமாக்கும் மாப்பிள்ளை வீட்டாரும் இம்மறைப்புக்குப் பொறுப்பாளிகளே.

உணவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அயோடின் கலந்த உப்பு போதும். முட்டைக்கோசும் காலிபிளவரும் வேகவைத்து அளவாக உண்டால் தீங்கில்லை. பாலூட்டும் தாய்மார் மாத்திரையைத் தயக்கமின்றித் தொடரலாம்.

பிறந்த குழந்தைக்கும் இக்குறை இருக்கக்கூடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிறந்த இரண்டு மூன்று நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தமே அதைக் காட்டிவிடும். முதல் இரு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து படிக்கும். மாதக்கணக்கில் தாமதித்தால் மூளையின் இழப்பை மீட்பது அரிது. மகப்பேற்று மனையிலிருந்து வீடு திரும்புமுன் இப்பரிசோதனை செய்யப்பட்டதா என்று தந்தையோ பாட்டியோ வாய்விட்டுக் கேட்கலாம்.