பிந்தி வந்தவர்கள் – 9: டுடோரியல் டீச்சரின் முதல் புத்தகம்

1970-களின் நடுவில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் ஒரு பேய்க்கதைப் போட்டி நடத்தியது. நம் பத்திரிகைகளின் தீபாவளி மலர்ச் சிறுகதைப் போட்டி மாதிரிதான். கதை அனுப்பியவர்களில் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியையும் இருந்தார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் டுடோரியலில் வேலை. ஆட்குறைப்பில் வேலை போன முதிய குமாஸ்தாவைப் பற்றி அவருடைய அதிகாரி மேலிடத்துக்கு எழுதும் அறிக்கைதான் அந்தக் கதை. சாதாரண ஆபீஸ் கடிதமாகத் தொடங்கும் அது, போகப் போக எழுதுகிறவரையே நடுங்க வைத்துவிடும். போட்டியில் தேர்வான கதைகள் 1975-ல் புத்தகமாக வந்தபோது இதுவும் அதில் இருந்தது. அதே ஆண்டு அந்த ஆசிரியையின் முதல் புத்தகமும் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 58. பெயர் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்ட்.

பிந்தி எழுத வந்தவர்களிலேயே என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர் இவர்தான். காரணம், இவர் எழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் திடீரென்று பேனா பிடித்தவர் இல்லை. எழுதப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்த பெண். அப்பா இ. வி. நாக்ஸ், ‘பஞ்ச்’ பத்திரிகையின் ஆசிரியர். சித்தப்பாக்களில் ஒருவர் பைபிளை மொழிபெயர்த்த பாதிரியார். துப்பறியும் நாவல்களும் எழுதியவர். இன்னொருவர் உலகப் போரில் எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்த அறிஞர். அம்மா, ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் படிக்கத் தொடங்கிய காலத்து மாணவிகளில் ஒருவர். பெனலபியும் அதே சாமர்வில் கல்லூரியில் படித்து 1938-ல் முதல் வகுப்பில் தேறினார். இத்தனை வருடம் படித்துவிட்டேன், இனி எழுதத் தொடங்க வேண்டும் என்று மாணவர் பத்திரிகை ஒன்றிடம் அப்போது சொல்லியிருக்கிறார்.

சொன்ன சொல்லுக்கும் முதல் புத்தகத்துக்கும் இடையே 37 வருடங்கள் போயின.

போர்க்காலத்தில் பிபிசியில் வேலை. 1942-ல் டெஸ்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டோடு திருமணம். அவர் போர்முனையிலிருந்து வீரப் பதக்கத்தோடு வந்தார். குடிப்பழக்கமும் கூடவே வந்தது. கணவனும் மனைவியுமாக ‘வேர்ல்ட் ரெவ்யூ’ என்ற இலக்கியப் பத்திரிகையைச் சில வருடங்கள் நடத்தினார்கள். அது நின்றது. மூன்று குழந்தைகள், கடன். லண்டனை விட்டு சஃபோக் கடற்கரையில் சவுத்வோல்ட் என்ற சிற்றூருக்குப் போய், அங்கே ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தார் பெனலபி. 1960-ல் திரும்பவும் லண்டன். வாடகை கட்டுப்படியாகாமல் தேம்ஸ் நதியில் ஒரு பழைய படகில் குடித்தனம். வக்கீலாக இருந்த டெஸ்மண்ட் காசோலை மோசடியில் சிக்கித் தொழில் செய்யும் உரிமையை இழந்தார். 1963-ல் படகு மூழ்கியது. வீட்டுச் சாமான்களும் கடிதங்களும் காகிதங்களும் ஆற்றோடு போயின. வீடற்றோர் விடுதியில் சில மாதங்கள் இருந்துவிட்டு, கிளாப்பம் பகுதியில் ஏழைகளுக்கான நகராட்சிக் குடியிருப்புக்குப் போனார்கள். பத்து வருடங்களுக்கு மேல் அங்கேதான். ‘பஞ்ச்’ ஆசிரியரின் மகள் என்று அங்கே யாருக்குத் தெரிந்திருக்கும்?

இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகள் ஆளாகிவிட்டார்கள், ஓய்வூதியம் வருகிறது, ஆனால் இத்தனை வருடம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே பெனலபியின் டுடோரியல் வருடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

குடும்பம் நடந்தது அவருடைய சம்பளத்தில்தான். முதலில் நாடகப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலை, பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் டியூட்டர்ஸ். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்த வேண்டும். அவர் மறைந்த பிறகு வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹெர்மயனி லீ, பாடம் நடத்த பெனலபி பயன்படுத்திய நாவல்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஓரங்களெல்லாம் பென்சில் குறிப்புகள். ஒரு அத்தியாயத்தை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், ஒரு பாத்திரத்தைப் பற்றி எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் பெனலபி நோண்டி நோண்டிப் பார்த்திருக்கிறார். மாணவிகளுக்குத் தேர்வில் மதிப்பெண் வாங்கித்தர அவ்வளவு வேண்டியதில்லை. அந்த நாட்களிலேயே ரஷ்ய மொழி வகுப்புக்கும் போனார். 1975-ல் மாஸ்கோவுக்கு ஒரு பயணம். யாரும் கேட்காத, எதற்கும் உதவாது என்று தோன்றுகிற படிப்பு அது. 1913-ன் மாஸ்கோவில் நடக்கும் அவருடைய நாவல் 1988-ல் வந்தபோதுதான் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்தது.

எழுதாத வருடங்கள் வீண் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் கஷ்டம்தான் அவரைச் செதுக்கியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 37 வருடங்களில் நிம்மதியான ஒரு அறையும் கொஞ்சம் காசும் இருந்திருந்தால் நமக்கு இன்னும் பத்து நாவல்கள் கிடைத்திருக்கலாம். அது இழப்புதான். ஆக்ஸ்ஃபோர்டு படிப்பும் படித்த குடும்பமும் அவருக்கு எந்த நிலையிலும் கைகொடுத்தன என்பதும் உண்மை. அவை இல்லாமல் அதே குடியிருப்பில் வாழ்ந்த எத்தனையோ பேரின் கதைகள் எழுதப்படாமலே போயின.

எங்கிருந்து தொடங்கினார் என்பதில்தான் அவருடைய துணிச்சலைப் பார்க்கிறேன். முதல் புத்தகம் நாவல் இல்லை. தன் கதையும் இல்லை. 1898-ல் இறந்துபோன எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் என்ற ஓவியரின் வாழ்க்கை வரலாறு. தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை வடிவமைத்தவர் அவர். அந்தப் புத்தகத்தை எழுதித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டுடோரியல் நேரம் போக நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உட்கார்ந்து, பழைய கடிதங்களைப் படித்து, தனக்குப் பிடித்த ஒருவருக்காக உழைத்தார். நான் எழுத்தாளராக முடியுமா என்ற கேள்வி நம்மை உட்கார்ந்த இடத்தில் கட்டிப்போட்டுவிடும். இந்த மனிதரைப் பற்றி இன்னும் என்ன தெரிந்துகொள்ளலாம் என்ற கேள்வி எழுந்து நடக்க வைக்கும். பிந்தி வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது தன் அப்பாவையும் சித்தப்பாக்களையும் பற்றி, ‘த நாக்ஸ் பிரதர்ஸ்’. இதற்கிடையில் டெஸ்மண்டுக்குப் புற்றுநோய். படுக்கையில் இருந்த கணவரைச் சிரிக்க வைப்பதற்காக அருங்காட்சியகத்தில் நடக்கும் ஒரு மர்மக் கதையை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1976-ல் டெஸ்மண்ட் இறந்தார். அந்தக் கதை, ‘த கோல்டன் சைல்ட்’, 1977-ல் அவருடைய முதல் நாவலாக வந்தது. அவருக்கு வயது 60.

அதன் பிறகு சவுத்வோல்ட் புத்தகக் கடை ஒரு நாவலானது. மூழ்கிய படகு ஒரு நாவலானது. பிபிசி, நாடகப் பள்ளி எல்லாம் வரிசையாக வந்தன. ஐந்தே வருடங்களில் ஐந்து நாவல்கள்! ஆனாலும், நீங்கள் பொழுதுபோக்காக எழுதுகிறவர்தானே என்று அவரைப் பார்த்துச் சொன்னவர்கள் உண்டு. எத்தனை புத்தகம் எழுதினால் அந்தப் பெயர் போகும் என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டாராம். 1979-ல் படகு நாவல் ‘ஆஃப்ஷோர்’ புக்கர் பரிசு பெற்றது. பரிசுத் தொகை 10,000 பவுண்டு. பரிசு நைபாலுக்குத்தான் என்று இலக்கிய வட்டாரம் முடிவுகட்டியிருந்ததால், இவர் பெயர் வந்ததைப் பலரால் ஜீரணிக்க முடியவில்லை. 62 வயதில் நாட்டின் பெரிய பரிசைக் கையில் வைத்துக்கொண்டு, இது தவறிப்போய் உங்களிடம் வந்துவிட்டது என்ற பார்வையை எதிர்கொள்வது எவ்வளவு வலிக்கும்! தொடங்குவதற்கு வேண்டியதைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். இருபது வயதுப் புதியவரைத் தட்டிக்கொடுக்கிற உலகம், அறுபது வயதுப் புதியவரை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது.

அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. வேலையையும் விடவில்லை. பரிசு வாங்கிய பிறகும் 70 வயது வரை பாடம் நடத்தினார். சொந்த வாழ்க்கையிலிருந்து எடுப்பது போதும் என்று தோன்றியபோது 1950-களின் ஃப்ளாரன்ஸுக்குப் போனார். பிறகு மாஸ்கோ, பிறகு 1912-ன் கேம்பிரிட்ஜ். கடைசி நாவலான ‘த ப்ளூ ஃப்ளவர்’ 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் நோவாலிஸ் என்ற கவிஞரின் இளமைக் காதலைச் சொல்கிறது. அது 1995-ல் வந்தபோது அவருக்கு 78 வயது. அமெரிக்க விமர்சகர்கள் அமைப்பு 1997-க்கான புனைகதை விருதை ஃபிலிப் ராத்தையும் டான் டிலிலோவையும் தாண்டி அந்த நாவலுக்குக் கொடுத்தது. 2000-ல் மறைந்தார். ஒன்பது நாவல்கள், மூன்று வாழ்க்கை வரலாறுகள், சில சிறுகதைகள், அத்தனையும் சுமார் 20 வருடங்களுக்குள்.

நம்மிடமும் அ. முத்துலிங்கம் இருக்கிறார். 1964-ல் ‘அக்கா’ தொகுப்பு வந்த பிறகு நாடு நாடாக உத்தியோகம் பார்த்துவிட்டு, முப்பது வருட இடைவெளிக்குப் பின் 1990-களில் திரும்ப எழுத வந்து, தன் சிறந்த கதைகளை அதன் பிறகே தந்தவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பெனலபியைப் படிக்க நினைக்கிறவர்கள் ‘த புக்‌ஷாப்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். சின்னப் புத்தகம், எளிய ஆங்கிலம். கணவனை இழந்த ஒரு பெண், புத்தகம் வேண்டும் என்று யாருமே கேட்காத ஊரில் கடை திறக்கிறாள். ஊர் அவளை என்ன செய்கிறது என்பதுதான் கதை. 2017-ல் படமாகவும் வந்தது. படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம்: 70 வயதில் பெரியவர்களுக்கான முதல் நாவலை வெளியிட்ட மேரி வெஸ்லி.

(தொடரும்)