விரத நாளில் ரத்தத்துக்குள் என்ன நடக்கிறது?

முத்துக்குளித்துறைக்கு விரதம் புதிதல்ல. திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு 6 நாள், காயல்பட்டினத்தில் ரமலான் நோன்பு, தூத்துக்குடி பனிமய மாதா கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலம். வழிபாடு வேறு வேறு. உடம்புக்குள் நடக்கும் வரவு செலவுக் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்களுக்கு உதவிய விலங்குகளில் ஒன்று பன்றி. அதன் செரிமானம் மனிதனுடையதைப் பெரிதும் ஒத்தது. பன்றி இன்சுலினுக்கும் நம் இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். 1980களில் மனித இன்சுலின் கடைக்கு வரும்வரை சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது பன்றி, மாட்டு இன்சுலினைத்தான்.

மீன் குழம்போ பருப்போ சாப்பிட்டதும், அதிலுள்ள புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. சில மணி நேரம் அதன் அளவு உயர்ந்து நிற்கும். இன்சுலின் அதைத் தசைக்குள் சேர்க்கும்.

பட்டினி கிடந்தால் போக்கு தலைகீழ். கல்லீரல் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு தசை தன் புரதத்தையே உடைத்து, அலனின், குளூட்டமின் என்று அனுப்பும். கல்லீரல் அலனினைக் குளுக்கோஸாக மாற்றி மூளைக்குக் கொடுக்கும். 1960களின் இறுதியில் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹில், ஃபிலிப் ஃபெலிக் குழுவினர் பட்டினி இருந்தவர்களின் ரத்தத்தை அளந்தார்கள். முதல் சில நாட்களில் லூசின், ஐசோலூசின், வாலின் ஏறின, அலனின் இறங்கியது. பட்டினி நீண்டபோது, கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களை மூளை பயன்படுத்தத் தொடங்கியது. தசை கரைவதும் குறைந்தது.

ஆரோக்கியமானவருக்கு ஒரு நாள் விரதம் பெரிய சிக்கல் இல்லை. தசை ஏற்கெனவே குறைந்துவரும் முதியவர்கள் பல நாள் விரதம் இருக்கும்போதுதான் கவனம் தேவை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். அவர்கள் விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் விரதத்தை முடித்துவிடுவதே சரி.

விரதம் முடிக்கும்போது வெறும் சோறு போதாது. அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் அது அதிகம். மக்காச்சோளத் தீவனம் தின்னும் பன்றிக்கும் முதலில் பற்றாக்குறையாவது லைசின்தான்! அரிசியும் பாசிப்பருப்பும் சேரும் காயல்பட்டினத்து நோன்புக் கஞ்சி அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. பாட்டிமார் லைசின் என்ற பெயரைக் கேட்டதில்லை. கைப்பக்குவம் மட்டும் சரியாக இருந்தது.